பார்க்கிங்கில் ஒரு பிளக் பொயின்ற்

எங்கட கார் மக்கர் பண்ணுறதுக்கென்று பார்த்துப் பிடித்த இடம் பொரளை கனத்தைச் சுற்றுவட்டம். மயான வாசலுக்கு நேரே. பின்னேரம் ஐந்தரை மணி, மழை. பின் சீற்றில் சின்னவள், கணக்கு ரியூசனுக்குப் பிந்துது என்று சிணுங்கிக்கொண்டிருக்கிறாள். டாஷ்போர்ட்டில் சிவப்பு முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. அக்சிலேற்றரை மிதித்தால் கார் கிழவனைப் பிடித்து எழுப்பினமாதிரி முனகுது. பின்னால் பஸ்காரன் ஹோனில் இருந்து கையே எடுக்கவில்லை.

இவருக்கு ஃபோன் பண்ணினேன். "நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாரும்" என்றார். எங்கட வீட்டில் ரிவி, வைஃபை, தண்ணி மோட்டர் எல்லாத்துக்கும் இவர் சொல்லுற ஒரே வைத்தியம் அது. அன்றைக்கு அது பலித்தது. முக்கோணம் அணைந்தது. வெள்ளவத்தை வந்து சேர்ந்தோம். அடுத்த நாள் காலையில் மீண்டும் எரிந்தது.

11 வருசக் கார். பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட். எந்தக் கம்பனி என்பது முக்கியமில்லை. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் ஷெட்டில் இரண்டு நாள் வரிசையில் கிடந்தபோதும், பெற்றோல் லீற்றர் 470 ரூபா போனபோதும், கியூஆர் காட்டினால் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினபோதும், எங்களை ஒப்பேற்றினது இதுதான். அந்த 20 லீற்றரில் மிச்சம் பிடித்துப் பக்கத்து வீட்டு மாமியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியிருக்கிறோம். ஆனபடியால் அதன்மேல் எனக்கு ஒரு பற்று உண்டு. இப்போது யோசித்துப் பார்த்தால், கடைசி ஒரு வருசமாக லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடினது 12 க்கு இறங்கி வந்திருந்தது. ட்ராஃபிக் கூடிப்போச்சு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாளிகாவத்தைப் பக்கம் ஒரு நானா ஹைபிரிட் பற்றரி வேலை மட்டும் செய்கிறார் என்று ஒஃபிஸ் டிரைவர் சொல்லி, கொண்டுபோனேன். நானா முதலில் பொனற்றைத் திறக்கவே இல்லை. பின்கதவைத் திறந்து, சீற்றுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வலைத் துவாரத்துக்குள் ரோர்ச் அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாருங்க தங்கச்சி, இதுக்குள்ள என்ன ஈக்கி எண்டு."

காருக்குள் இருக்கிற ஏசிக் காற்றை ஒரு சின்ன ஃபான் இழுத்துப் பற்றரிக்குள் விட்டுக் குளிராக்கிற துவாரம் அது. 11 வருசமாக அதற்கு மேலேதான் பிள்ளைகளின் ஸ்கூல் பாக் வைத்து வந்திருக்கிறோம். நானா குறட்டால் இழுக்க இழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பொதிமாதிரி ஒன்று வந்துகொண்டே இருந்தது. தூசு, தலைமயிர், முறுக்குத் துண்டு, 2019 ஆம் ஆண்டுத் தமிழ்த் தினப் போட்டி பட்ஜ் ஒன்று. அந்தப் பட்ஜைத் தேடி மூத்தவள் அந்த வருசம் ஒரு கிழமை அழுதவள்.

பிறகு பற்றரிப் பெட்டியை இறக்கித் திறந்தார். பற்றரி என்றால் ஒன்றென்றே நினைத்திருந்தேன். உள்ளே புத்தகங்களை அடுக்கினமாதிரி 20 துண்டு நிக்கல் பற்றரிகள், ஒன்றோடொன்று செப்புத் தகட்டால் பூட்டியிருக்கு. அந்தச் செப்பெல்லாம் பச்சை. எங்கட வீடு மரைன் டிரைவுக்கு இரண்டாவது ஒழுங்கை. கடற்காற்று பல்கனிக் கம்பியைத் தின்னும், ஏசி வெளிப்பெட்டியைத் தின்னும். சீற்றுக்குக் கீழே மூடிப் பூட்டி வைத்த செப்பையும் தின்னும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். நானா ஒவ்வொரு துண்டிலும் மீற்றர் வைத்தார். ஏழரை, ஏழரை, ஏழு புள்ளி நான்கு, ஆறு புள்ளி ஒன்று. அந்த ஆறில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். இன்னும் ஒன்று அதேமாதிரி. இரண்டு பேர் சோர்ந்துபோனால் மற்ற 18 பேரும் சேர்ந்து இழுக்கவேணும், அதில் அவர்களும் சூடாகிச் சோர்ந்துபோவார்கள்.

இரண்டையும் மாற்றி, தகடுகளை உரஞ்சித் துடைத்துப் பூட்டித் தந்தார். காசு வாங்கும்போது நேர்மையாகவே சொன்னார்: "இது ஆறு மாசம் ஓடலாம், ஒரு வருசம் ஓடலாம். பழைய சாரத்துக்கு ஒட்டுப் போட்டமாதிரித்தான். ஒட்டின எடம் நிக்கும், பக்கத்துல கிழியும்."

அன்றிரவுதான் "மாத்துவமா?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கியது.

கார் மாற்றுவது இந்த நாட்டில் எப்போதுமே கலியாணப் பேச்சுமாதிரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசத்தில் பழைய கார்கள் வாங்கின விலையைவிடக் கூடின விலைக்குப் போனது. கார் ஓட ஓட விலை ஏறும் என்று நம்பி ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கு. எங்கட மூத்தவளும் அதில் சேர்த்தி. இப்போது புதுக்கார் வருது. பெற்றோல் என்றால் எஞ்சின் சிசி பார்த்து வரி, எலெக்ட்ரிக் என்றால் மோட்டரின் வலுவை, அதாவது கிலோவாற்றைப் பார்த்து வரி, எல்லாத்துக்கும் மேலே 18 வீத வற். அதனால் எலெக்ட்ரிக் கார் விற்கிறவனிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தூரம் ஓடும்?" இல்லை, "எத்தனை கிலோவாற்?" வரி அதில்தான் தங்கியிருக்கு.

எங்கட அத்தானுக்கு இந்தப் பேச்சு வாசம் எப்படியோ பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தெஹிவளையில் இருந்து வந்து இருந்தவர், இடியப்பம் முடியும் முன்னமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பிளக்-இன் ஹைபிரிட் எடு. ரெண்டும் இருக்கு. கொழும்புக்குள்ள கரண்டில ஓடு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலில ஓடு. ஒரு கல்லில ரெண்டு மாங்காய்."

கேட்க வடிவாகத்தான் இருந்தது. இவரும் தலையாட்டினார். நான்தான் கேட்டேன்: "அத்தான், அதை எங்கை பிளக் பண்ணுறது?"

ஆறு மாடி, 24 வீடு. கீழே தூண்களுக்கு நடுவில் ஆளுக்கொரு பார்க்கிங். எங்கட இடத்தில் இருக்கிற ஒரே மின்சார விசயம் மேலே தொங்குகிற ரியூப் லைற், அதுவும் பொது மீற்றரில். பிளக்-இன் ஹைபிரிட்டைப் பிளக் பண்ணாமல் ஓடினால் அது என்ன? ஒரு சாதாரண ஹைபிரிட், முதுகில் பெரிய பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு. இது என் வாய்ச்சாதுரியம் இல்லை. ஐரோப்பிய ஆணைக்குழு உண்மையாகவே ரோட்டில் ஓடுகிற கார்களின் கணக்கை எடுத்து 2024 இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் விடுகிற கரியமிலவாயு, சோதனைச்சாலைக் கணக்கைவிடச் சராசரி மூன்றரை மடங்கு. காரணம் பெரிய மர்மம் இல்லை, சனம் நினைத்த அளவுக்குச் சார்ஜ் பண்ணவில்லை. கராஜும், சுவரில் பூட்டுகிற வோல் பொக்ஸ் சார்ஜரும் இருக்கிற ஊரிலேயே அந்தக் கதை. பிறகு எண்ணெய் மாற்றவேணும், பற்றரியையும் பார்க்கவேணும். இரண்டு பெண்டாட்டிக்காரன் நிலை என்று சொன்னேன். அக்கா சிரித்தாள், அத்தான் சிரிக்கவில்லை.

அப்போ முழுக்கக் கரண்டில் ஓடுகிற எலெக்ட்ரிக் கார் எங்களுக்குச் சரிவருமா? நான் தொழிலில் கட்டட அளவையாளர். கணக்குப் பார்க்காமல் ஒரு சிமெந்து மூட்டை வாங்கமாட்டேன். மூன்று மாதம் ஒவ்வொரு இரவும் காரின் மீற்றரைக் கொப்பியில் எழுதினேன். வெள்ளவத்தையில் இருந்து ராஜகிரிய ஒஃபிஸ், திரும்பி வீடு, நடுவில் ரியூசன், சந்தை. சராசரி ஒரு நாளைக்கு 24 கிலோமீற்றர். கார் ரோட்டில் நிற்கிற நேரம் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே, தூரம் 24 தான். முதல் மாதம் நானே நம்பவில்லை, அதனால்தான் இரண்டாம், மூன்றாம் மாதமும் எழுதினேன்.

சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 யுனிட் கரண்ட் குடிக்கும். 24 கிலோமீற்றருக்கு மூன்றரை யுனிட். சாதாரண 13 அம்பியர் பிளக் பொயின்றில் காரோடு வருகிற வயரைப் போட்டால் 10 அம்பியர் எடுக்கும், அதாவது 2.3 கிலோவாற். ஒன்றரை மணித்தியாலத்தில் அன்றைய ஓட்டம் நிரம்பிவிடும். 45 யுனிட் பற்றரியை வெறுமையில் இருந்து நிரப்ப 20 மணித்தியாலம் எடுக்கும் என்று பயம் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் யார் வீட்டில் தண்ணித் தாங்கியைத் தினமும் அடிவரை வறட்டிப்போட்டு நிரப்புகிறார்கள்? குடித்த அளவுக்குத்தானே மோட்டர் போடுகிறோம்.

ட்ராஃபிக்கில் நின்றால் சார்ஜ் முடிந்துவிடும் என்பது அடுத்த பயம். நிற்கிற காரில் மோட்டர் ஓடாது, ஏசிதான் ஓடும். அது மணிக்கு ஒரு யுனிட், நல்ல வெயிலென்றால் கொஞ்சம் கூட. பொரளையில் ஒரு மணித்தியாலம் முழுக்க நின்றாலும் 45 இல் ஒன்று. மனிசருக்குத்தான் சார்ஜ் இறங்கும்.

ஹைபிரிட்டுக்கும் நியாயமாக ஒன்று சொல்லவேணும். பிரேக் பிடிக்கிற ஒவ்வொருமுறையும் வீணாகிப்போகிற வேகத்தைக் கரண்டாக்கிப் பற்றரிக்குள் போட்டு, நகரும்போது அதையே திருப்பி எடுக்கிறது அதன் சூட்சுமம். நின்று நின்று நகருகிற கொழும்பு–காலி வீதியில் அது சொர்க்கம். தெற்கு அதிவேகப் பாதையில் நூறில் விட்டால் பிரேக்குக்கு வேலையே இல்லை, அங்கே அது கிட்டத்தட்ட ஒரு பெற்றோல் கார்தான். பிளக் பொயின்றுக்கு வழியே இல்லாத ஆளுக்கு, வாடகை வீட்டுக்காரருக்கு, இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்லுவேன். அந்தத் துவாரத்தின்மேல் பாக் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆக, எங்களுக்கு முடிவு எடுக்கப்போறது கார்க் கடையில் இல்லை, எங்கட தொடர்மாடிக் கமிற்றியில். சனிக்கிழமை பின்னேரம், மொட்டைமாடியில், பிளாஸ்டிக் கதிரைகள். தலைவர் ஓய்வுபெற்ற சிங்கள மாத்தையா, நல்ல மனிசன். காசாளர் மூன்றாம் மாடி மாமி. நான் கேட்டது, எலெக்ட்ரிக் காருக்குப் பார்க்கிங்கில் ஒரு பிளக் பொயின்ற். மாமி முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டா.

"பிள்ளை, அது வெடிக்குமாமே? என்ர மகன் வீடியோ அனுப்பினவன்."

சிரித்துத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. லிதியம் பற்றரியில் நெருப்புப் பிடித்தால் அணைப்பது கஷ்டம் என்பது மெய். நாங்கள் பார்க்கிற காரில் இருப்பது லிதியம் இரும்பு பொஸ்பேற் வகை, அது மற்ற வகையைவிடச் சூட்டைத் தாங்கும், அவ்வளவு இலேசில் பற்றாது என்று விளக்கினேன். அதைவிட ஆபத்து, ஆளாளுக்கு நாலாம் மாடியில் இருந்து எக்ஸ்ரென்சன் வயர் விடுறது என்றேன். செக்யூரிற்றி எனக்கு ஏற்கெனவே அந்த யோசனையைச் சொல்லியிருந்தான்.

தலைவர் மாத்தையாவின் கேள்வி வேறு. "நாளைக்கு 24 வீடும் கேட்டால்?" அதுதான் சரியான கேள்வி. 24 வீடும் ஒரே நேரம் 2.3 கிலோவாற் எடுத்தால் 55 கிலோவாற், லிஃப்றும் தண்ணிப் பம்பும் வேறு. எல்லாரும் வேலையால் வந்து ஏழு மணிக்குப் பிளக்கைக் குத்தினால் கட்டடத்தின் வயர் கொதிக்கும். இரவு பத்தரைக்குப் பிறகு மாறி மாறிப் போட்டால் ஒன்றுமே தெரியாது. பின்னேரம் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட நேரம்தான் நாடு முழுக்கவே உச்ச நேரம், நேரம் பார்த்து விலை போடுகிற மின்கட்டணத்தில் ஆகக் கூடின விலையும் அந்த நாலு மணித்தியாலத்துக்குத்தான்.

வோல் பொக்ஸ் ஆசையை நானே கைவிட்டேன். 7 கிலோவாற் வோல் பொக்ஸ் 32 அம்பியர் இழுக்கும். எங்கட வீட்டு மெயினே 30 அம்பியர். வீட்டில் ஃபிறிஜ்ஜைக்கூட நிப்பாட்டிவைத்தாலும் பத்தாது.

அப்போது மாமி, "கரண்டே இல்லாட்டி என்ன செய்வாய்? குரங்கு பாய்ஞ்சாலே நாடு இருளுது" என்றா. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் என்று அமைச்சரே சொன்னார், தீவு முழுக்க கரண்ட் போனது. மாமிக்கு அன்றைக்கு லிஃப்ற் இல்லாமல் மூன்று மாடி ஏறின கோபம் இன்னும் அடங்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை நான் நினைவுபடுத்தினேன். அப்போதும் மிச்சம் 11 மணித்தியாலம் கரண்ட் இருந்தது மாமி, எனக்குத் தேவை ஒன்றரை. பெற்றோலுக்குத்தான் இரண்டு நாள் நின்றனாங்கள்.

மாமி கொஞ்சம் யோசித்து, "அதுவும் சரிதான்" என்றா. தீர்மானம் நிறைவேறியது. நிலத்தளத்து மீற்றர் அறையில் எங்கட மீற்றருக்குப் பிறகு வயர் எடுத்து, குழாய்க்குள்ளால் பார்க்கிங்குக்குக் கொண்டுபோகலாம். செலவு எங்கட. தனி ட்ரிப் சுவிச் கட்டாயம்.

கரண்ட் பில்லைப் பற்றியும் மறைக்கக்கூடாது. மாதம் 720 கிலோமீற்றர் ஓடினால் 108 யுனிட். "யுனிட் இவ்வளவுதானே" என்று சராசரி விலையால் பெருக்கிப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்கட வீட்டுப் பாவனை ஏற்கெனவே 150 கிட்ட. அதற்கு மேலே இந்த 108 ஐ வைத்தால் 180 ஐத் தாண்டும், தாண்டின யுனிட்டுக்கு ஆகக் கூடின விலை. காருக்குப் போகிற யுனிட்டில் பெரும்பகுதி கட்டண ஏணியின் உச்சிப்படியில் இருக்கிறவை. அந்த விலையில் போட்டுப் பார்த்தும் பெற்றோலைவிடக் குறைவாகத்தான் வந்தது, ஆனால் விளம்பரக்காரன் சொல்லுற அளவுக்கு இல்லை. என்னோடு வேலை செய்கிற ஒருத்தர் மாலபேயில் கூரையில் சோலார் போட்டிருக்கிறார், சனி ஞாயிறு பகலில் வெயிலை நேரே காருக்குள் ஊற்றுகிறார். அவரோடு எங்களை ஒப்பிடக்கூடாது. எங்களுக்குக் கூரை 24 பங்கு.

பற்றரி வயது பற்றிக் கேட்டால் ஒன்று மட்டும் சொல்கிறேன். 2010 இல் வந்த நிசான் லீஃபின் பற்றரிக்குக் காற்றுத்தான், திரவத்தால் குளிராக்கிற ஏற்பாடு இல்லை. எங்கட நாட்டுச் சூட்டுக்கு அது காணாது. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு எல்லா எலெக்ட்ரிக் காரையும் திட்டுகிறவர்கள், திரவக் குளிராக்கல் இருக்கா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திட்டலாம்.

கடைசியில் மிஞ்சினது யாழ்ப்பாணம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று 400 கிலோமீற்றர். 45 யுனிட் பற்றரி 300 ஓடினால் பெரிய காரியம். இடையில் சார்ஜர் இருக்கு என்று ஃபோனில் காட்டுது. அது வேலைசெய்யுதா, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை இரவு 11 மணிக்கு மதவாச்சியில் நின்று அறிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. இவருக்கு இதுதான் பெரிய மனக்குறை. கோண்டாவில் வீட்டில் இருந்து திரும்பும்போது டிக்கி நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பனங்கிழங்கு, ஒடியல் மா. அதில்லாமல் அவருக்கு ஊர்ப் பயணம் பயணமே இல்லை.

கொப்பியைப் புரட்டினேன். போன வருசம் நாங்கள் காரில் யாழ்ப்பாணம் போனது மூன்றுதரம். மிச்ச 350 நாளும் 24 கிலோமீற்றர். அந்த மூன்று பயணத்துக்காக ஒரு எஞ்சினைத் தினமும் ராஜகிரியவுக்கு ஏற்றி இறக்கவேணுமா?

வழி சொன்னது அம்மா. ஃபோனில் எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "பிள்ளை, நீங்கள் ட்ரெயினில வாங்கோ. அந்தப் பழைய காரை இஞ்சை கொண்டுவந்து விடுங்கோ. வந்து நிக்கிற நாளைக்கு ஓடலாம், எனக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆகும்" என்றா. கொழும்பில் ஒரு பார்க்கிங், ஊரில் நாலு பரப்பு வளவு. சும்மா நின்றால் நிக்கல் பற்றரி செத்துப்போகும் என்று நானா எச்சரித்திருந்தார். அதனால் ஒன்றுவிட்ட தம்பி கிழமைக்கு இரண்டுதரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு எடுத்துப்போகவேணும் என்று ஒப்பந்தம். தம்பிக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை.

மாம்பழம்? இரவு பஸ்ஸில் பெட்டி கட்டி அனுப்பலாம், வெள்ளவத்தையிலேயே இறக்கித் தருவார்கள் என்று இவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்றுக்கு முற்பணம் கட்டியாச்சு. கப்பல் இன்னும் வரவில்லை. பிளக் பொயின்ற் பூட்டி மூன்று கிழமை ஆகுது, தூணில் வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் சின்னச் சோதனை மீற்றர். நேற்று இரவு சும்மா குனிந்து பார்த்தேன். மீற்றரில் மூன்று யுனிட் ஓடியிருக்கு.

காரே இல்லை, மூன்று யுனிட் எங்கே போனது? தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் செக்யூரிற்றியின் கெற்றில். ஒரு கெற்றில் தண்ணி கொதிக்க ஏறக்குறைய 0.1 யுனிட். அப்போ 30 கெற்றில். பகல் ஷிஃப்ற், இரவு ஷிஃப்ற் இரண்டும் சேர்ந்துதான். கார் இருந்திருந்தால் அதில் ராஜகிரிய போய்த் திரும்பியிருப்பேன்.

நான் மீற்றரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். ஓடிவந்து கெற்றிலைக் கழற்றவில்லை.

"மிஸ், ப்ளேன்ரீ ஒண்டு ஊத்தட்டா?" என்றான்.

சீனி குறைவாக என்றேன்.